காம்பஸ் சார் தலைகீழாக வரைந்த ஊர்

காம்பஸ் சார் கணக்கு வாத்தியார் இல்லை. பட்டப்பெயரை மட்டும் கேட்டுவிட்டு, "எங்க பொண்ணு கணக்குல கொஞ்சம் வீக், சார்" என்று வந்து நிற்கும் பெற்றோரிடம், "நானும் அப்படித்தாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர் ஓவிய ஆசிரியர். பெயர் வந்த கதை வேறு. ஒருமுறை பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். "எல்லாரும் என் பின்னாடி வாங்க, வெளிய போற வழி இதுதான்" என்று ஜம்பமாக முன்னால் நடந்தவர், ஒரு வகுப்பையே துடைப்பமும் வாளியும் அடுக்கிய அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளைகள் முழித்தார்கள். இவர் அதைவிட முழித்தார். "இதுவும் பார்க்க வேண்டியதுதான்" என்று சொல்லிச் சமாளித்தாரே தவிர, மறுநாளே பிள்ளைகள் வாயில், திசை காட்டும் காம்பஸ் ஆகிவிட்டார்.

அந்தக் கதையை ஆசிரியர் அறையில் அவரே அடிக்கடி சொல்லுவார், கை கால் ஆட்டி, வாளியையும் சேர்த்து நடித்துக் காட்டுவார். தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பாதியை நாமே சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டால் மீதியை யாரும் தோண்ட மாட்டார்கள். மீதி என்னவென்றால், மனிதருக்குத் தன் வீட்டுக்கே தனியாகப் போகத் தெரியாது.

நம்ப முடியாதுதான். நம்பும்படியாக இருந்திருந்தால் அவரே எல்லோரிடமும் சொல்லியிருப்பார். கல்யாணமான புதிதில் பால் வாங்கப் போனவரைத் தபால்காரர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையில் பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண் கலங்கி நின்றார் அவர். அதற்குப் பிறகு அவள் அந்த விஷயத்துக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. "விடுங்க. இனிமே நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரேன்" என்றாள். விட்டாள், கூட்டி வந்தாள். அன்றிலிருந்து தினமும் அதுதான் நடந்தது.

போனில் வரைபடம் பார்த்துப் போகலாமே என்று கேட்பவர்கள் அவரோடு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். திரையில் அம்பு ஒரு பக்கம் சுற்றும், இவர் ஒரு பக்கம் சுற்றுவார். இரண்டும் சேர்ந்து ஒரு திசையைக் காட்டிய சரித்திரமே கிடையாது. ஒருமுறை பல் வைத்தியரிடம் போகக் கிளம்பி, மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

ஆகவே தினமும் மாலையில் கடைசி மணி அடிப்பதற்கு முன்பே அவர் மனைவியின் ஸ்கூட்டர் பள்ளி வாசலில் நின்றுவிடும். மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. அந்த நேரத்தில் ஓடி வருவதற்காக மதியச் சாப்பாட்டு நேரத்தையும் விடாமல் வேலை பார்ப்பாள். ஆசிரியர் அறைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "அப்பப்பா, என்ன சந்தேகம்! ஒரு நாளாவது மனுஷனைத் தனியா விடுதா அந்தம்மா?" என்பார் கணக்கு வாத்தியார். "கடிவாளம் போட்டு வெச்சிருக்காங்க, பாவம்" என்பார் புவியியல் டீச்சர். காம்பஸ் சார் அசடு வழியச் சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதை ஒருநாள் மனைவியிடம் சொன்னபோது அவள் தோளைக் குலுக்கினாள். "சொல்லிட்டுப் போகட்டும். உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிறதுக்குப் பதிலா, நான் சந்தேகக்காரியாவே இருந்துட்டுப் போறேன்." அவரும் சரி என்று இருந்துவிட்டார். நல்ல ஆண்பிள்ளை! கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் அவரே இப்படித்தான் தன்னைத் திட்டிக்கொள்வார். பிறகு தலை வாரிக்கொண்டு, சமர்த்தாக ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

இப்படியே ஓடியிருக்கும் காலம். குட்டையைக் கலக்கியவள் கொழுந்தியாள், மனைவியின் தங்கை. அவளுக்குப் போனில் பேசுவதென்றால் எடுத்த எடுப்பிலேயே சண்டைதான்.

"அத்தான், உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கும்மா. எங்க வெச்சேன்னுதான் தெரியலை."

"விளையாடாதீங்க. முதலாளி ஊரோட அந்தக் கோடியில புதுக் கடை திறக்கறார். அக்காவைத்தான் பொறுப்பா பார்த்துக்கச் சொல்றார். தனி மேசை, கீழ ரெண்டு பேர். எத்தனை வருஷமா ஏங்கினா அதுக்கு! ராத்திரி எட்டு மணி வரைக்கும் கடையில இருக்கணுமாம். சாயந்திரம் உங்களை யார் கூட்டிட்டு வருவாங்கன்னு வேணாம்னு சொல்லப் போறா. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். உங்ககிட்ட சொன்னாளா?"

சொன்னாள்தான். "புதுக் கடை தூரங்க. யாரு அலையறது?" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு வெங்காயம்தான் காரணம் என்று இந்தப் புத்திசாலியும் நம்பியிருந்தார். போனை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மனுஷியின் ஆசைக்குக் குறுக்கே தான் இப்படிக் கல்லாகக் கிடக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் சுவர்ப்படம் நடந்துகொண்டிருந்தது. வாசல் கேட்டை ஒட்டிய நீண்ட மதில் சுவரின் உட்பக்கத்தைத் தலைமையாசிரியை அவரிடம் ஒப்படைத்திருந்தார். "பூவும் பட்டாம்பூச்சியும் வேண்டாம் சார். நம்ம ஏரியா வரைபடத்தை அப்படியே பெரிசா போடுங்க. பிள்ளைங்க அவங்கவங்க வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கணும். கூட்டிட்டுப் போக வர்ற பெத்தவங்களும் பார்க்கட்டும்." கேட்டதும் காம்பஸ் சாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் இத்தனை பேர் இருக்க, வழி சொல்ல இந்த ஆளையா பிடிப்பது?

ஆனால் வரைவதற்கு வழி தெரிய வேண்டுமா என்ன? புவியியல் டீச்சர் ஒரு வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, "பெயர் எதுவும் எழுதிடாதீங்க, வந்து நானே பட்டியல் தரேன்" என்று சொல்லி வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்விட்டார். காம்பஸ் சார் தாளில் கட்டம் போட்டார். சுவரில் சாக்பொடி தடவிய நூலை இழுத்துவிட்டு, அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டார். பிறகு, தன் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கும் வித்தையைத் தானும் செய்தார். பார்த்து வரையும் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கை, 'இது மூக்கு, இது காது' என்று முந்திரிக்கொட்டைத்தனம் பண்ணாமல் கோட்டை மட்டும் பார்த்து வரையும். அருமையான வித்தை. முகம் வரையும்போது அவருடைய மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் வரைவார்கள். வரைந்து முடித்ததும் தாளை நேராகத் திருப்பிக்கொள்வார்கள்.

சுவரை யார் திருப்புவது? அந்தக் கேள்வி அவருக்கு வரவே இல்லை.

ஏணியில் ஏறி, இறங்கி, கட்டம் கட்டமாக வரைந்தார். தெருக்களுக்கு மஞ்சள், வீடுகளுக்குச் செங்கல் நிறம், பெட்ரோல் பங்க்குக்குச் சிவப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு நீலம். சுவர் ஜம்மென்று வந்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள். "இதுல எங்க வீடு எது சார்?" என்று தலைமையாசிரியை ஆசையாகக் கேட்டார். காம்பஸ் சார் துளியும் கூசாமல் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "அட, ஆமாம்!" என்று அவரும் சந்தோஷப்பட்டார். அது மாட்டு ஆஸ்பத்திரி என்று பிற்பாடு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை புவியியல் டீச்சர் பயிற்சி முடிந்து வந்தார். சுவர் முன்னால் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் திரும்பி நின்று குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையைவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"சார்! ஊரையே கவுத்து வெச்சிருக்கீங்களே சார்!"

கூட்டம் கூடிவிட்டது. கையில் இருந்த அளவுகோலால் அவர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். "வரைபடத்துல வடக்கு மேல இருக்கணும். இங்க தெற்கு மேல இருக்கு. நம்ம ஸ்கூல் உச்சியில இருக்கணும், பாதாளத்துல கிடக்கு. இதோ பெட்ரோல் பங்க், இதோ தண்ணித் தொட்டி, இதோ சலவைக்கடை. அதுக்கு மேல இதோ உங்க வீடு சார், தெரியுதா? உங்க வீட்டையே தலைகீழா தொங்க விட்டிருக்கீங்க!"

"எங்க வீடு எப்பவுமே அப்படித்தான் டீச்சர்" என்றார் காம்பஸ் சார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் காது மடல் இரண்டும் சுட்டது. தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை ஆள் வரச் சொல்றேன், வெள்ளையடிச்சிடலாம். பிள்ளைங்க தப்பா கத்துக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மானம் கப்பலேறிப் போயிற்று.

அன்று மாலை மனைவி போன் பண்ணினாள். "முதலாளி பேசணும்னு இருக்கச் சொல்றார். கொஞ்சம் லேட்டாகும். அங்கேயே இருங்க, எங்கேயும் போயிடாதீங்க, என்ன?"

எங்கே போக? பள்ளி காலியானது. காம்பஸ் சார் தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்நேரம் அவள் முதலாளி முன்னால் நின்று, 'வேண்டாம் சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒழுங்காக வீடு போய்ச் சேரத் துப்பில்லாத ஒருத்தனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு.

படத்தை முழுதாகப் பார்க்கலாம் என்று நாலடி பின்னால் நகர்ந்தார். மதிலுக்கு மேலே, இடது பக்கம், பெட்ரோல் பங்க்கின் உயரமான சிவப்புப் பலகை தெரிந்தது. சுவரைப் பார்த்தார். சுவரிலும் சிவப்பு இடது பக்கம். பலகைக்கும் பின்னால், தூரத்தில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. சுவரிலும் சிவப்புக்கு மேலே நீலம்.

"இது என்னடா கூத்து!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்த மதில் பள்ளிக்குத் தெற்கே இருந்தது. அதைப் பார்த்து நின்றால் முகம் தெற்கு நோக்கி இருக்கும். படத்திலும் தெற்குதான் மேலே. இந்தக் காரணமெல்லாம் பிற்பாடு புவியியல் டீச்சர் சொல்லித்தான் அவருக்குப் புரிந்தது. அப்போது புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வெளியே எந்தப் பக்கம் இருக்கிறதோ, சுவரிலும் அந்தப் பக்கமே இருக்கிறது. பள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும், எதையும் மண்டைக்குள் திருப்பத் தேவையில்லை. பிறந்ததிலிருந்து அவரால் முடியாமல் போனது அந்தத் திருப்பல் ஒன்றுதான்.

பேனாவை எடுத்து உள்ளங்கையில் வழியை வரைந்துகொண்டார். இடது, மேலே, வலது, வீடு. வாட்ச்மேனிடம், "நான் கிளம்பறேம்பா" என்றார். வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார்.

அன்று அவர் போன அழகை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நின்று, பள்ளிக்கு முதுகு வரும்படி ஒரு சுற்றுச் சுற்றி, கையைப் பார்த்து, பிறகு நடந்தார். பங்க்கில் காற்றடித்துக்கொண்டிருந்தவர், "ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். "கண்டுபிடிச்சுட்டு இருக்கேன்" என்றார் இவர். தொட்டிக்குப் பக்கத்தில் வியர்வையில் கோடு அழியத் தொடங்கியது. பதறிப்போய்க் கையை விரித்து ஊதிக்கொண்டே நடந்தார். வலது பக்கம் திரும்பினார். இஸ்திரி போடும் வாசனை வந்தது. சலவைக்கடை! அதற்கு அடுத்த சந்தில், நீலக் கேட். அவருடைய கேட். இவரே பெயிண்ட் அடித்த கேட். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சாவி அவளிடம் இருக்கிறது. இவருக்குத் தனிச் சாவி எதற்கு? இதுவரை அந்தப் பேச்சே எழுந்ததில்லை. படியில் உட்கார்ந்துகொண்டார். போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? வாட்ச்மேன் நீங்க கிளம்பிட்டீங்கன்றாரு! பயப்படாதீங்க. அசையாம அங்கேயே நில்லுங்க. பக்கத்துல என்ன கடை இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"வீட்ல இருக்கேன்."

"யார் வீட்ல?" என்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது ஸ்கூட்டரைவிட்டு இறங்கக்கூட இல்லை. அவரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். "யாரு கொண்டுவந்து விட்டாங்க? நிஜத்தைச் சொல்லுங்க." அவர் கையை நீட்டினார். பாதி அழிந்த கோட்டைத் தெருவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதலாளிகிட்ட என்ன சொன்னே?" என்றார் அவர்.

"வேணாம்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள யாரோ மருந்து வாங்க வந்துட்டாங்க. நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன்." சட்டென்று நிமிர்ந்தாள். "பதில் சொல்லணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"உன் தங்கச்சி. சரின்னு சொல்லிடு."

"ஒரு தடவை தப்பித் தவறி யாரு வேணும்னாலும் வந்துடலாம். நாளைக்கு என் கண்ணு முன்னாடி நடந்து காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

மறுநாள் காலையில் பரீட்சை. வீட்டிலிருந்து பள்ளிக்கு இவர் முன்னால் நடக்க, அவள் ஸ்கூட்டரில் பின்னால் ஊர்ந்து வந்தாள். முதல் முனையிலேயே காம்பஸ் சார் சிக்கிக்கொண்டார். விதிப்படி முதுகு பள்ளியைப் பார்த்து இருக்க வேண்டும். போக வேண்டியதும் பள்ளிக்கு. அதாவது பின்னாலேயே நடக்க வேண்டும். இரண்டடி நடந்தும் பார்த்தார், சலவைக்கடைக்காரரின் துணிக் கூடையில் போய் உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஸ்கூட்டரின் மேல் கவிழ்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் வந்த நாளுக்குப் பிறகு, இந்த விஷயத்துக்கு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். கூடைக்குள் உட்கார்ந்தபடியே அவரும் சிரித்தார்.

"ஏறுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "காலையில நானே விடறேன். கடை பத்து மணிக்குத்தானே திறக்கறாங்க. சாயந்திரம்தான் எனக்குக் கவலை." பள்ளி வாசலில் இறக்கிவிட்டாள். அங்கிருந்து அவர் சுற்றிச் சுற்றி, கையைப் பார்த்துப் பார்த்து, நீலக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஊர்ந்து வந்த அவள், சலவைக்கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு முதலாளிக்குப் போன் போட்டாள்.

திங்கட்கிழமை வெள்ளையடிக்கும் ஆள் வாளியோடு வந்து நின்றார். சுவர் போனால் மனப்பாடமாகாத வழியும் போகும், வழி போனால் அவளுடைய தனி மேசையும் போகும். காம்பஸ் சார் நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். தலைமையாசிரியையும் அங்கேதான் இருந்தார்.

"சுவர் தலைகீழாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு இங்கேர்ந்து எங்க வீட்டுக்குப் போகத் தெரியாது."

கணக்கு வாத்தியார் சிரிக்கத் தயாரானார்.

"சிரிங்க சார், சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா முழுசா கேட்டுட்டுச் சிரிங்க. இத்தனை வருஷமா என் வீட்டுக்காரம்மா தினம் வாசல்ல வந்து நின்னது சந்தேகத்துல இல்லை. நான் தொலைஞ்சு போயிடுவேன்னுதான். உங்க வாயில விழுந்து சந்தேகக்காரின்னு பேர் வாங்கினா. நான் வாயை மூடிட்டு, அதுல குளிர் காஞ்சேன். வெள்ளிக்கிழமை இந்தச் சுவரைப் பார்த்துத்தான் முதல் தடவையா தனியா வீட்டுக்குப் போனேன். நானே போயிட்டேன்னா எந்தப் பிள்ளையும் போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. புவியியல் டீச்சர் எழுந்து வெளியே போனார். சுவர் முன்னால் நின்று, மதிலுக்கு மேலே பார்த்தார், சுவரைப் பார்த்தார். திரும்பி வந்து, "வெள்ளையடிக்க வேண்டாம் மேடம்" என்றார். "வடக்கு எதுன்னு ஒரு அம்பு மட்டும் போட்டுடலாம். கீழ பார்த்து." அந்த அம்பை அவரே வரைந்தார். கொஞ்சம் கோணலாக வந்தது. காம்பஸ் சார் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் மனைவி அவரை இறக்கிவிட வந்தபோது புவியியல் டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். "நாங்கதான் என்னென்னமோ பேசிட்டோம். மன்னிச்சிடுங்க. உங்களைப் போய்ச் சந்தேகப்படறவங்கன்னு…"

"அதுல தப்பே இல்லை டீச்சர்" என்றாள் அவள். "சந்தேகம் இருந்தது நிஜம்தான். இந்நேரம் எங்க போய் நிக்கிறாரோன்னு தினமும் சந்தேகம்தான்."

புதுக் கடை திறந்த அன்று அவர் சட்டைப் பையில் ஒரு புதுச் சாவி இருந்தது. மாலையில் வழக்கம்போலச் சுற்றி, நின்று, வீடு வந்து சேர்ந்தார். பூட்டைத் திறந்தார். இருவர் மட்டுமே வசிக்கும் அந்த வீட்டுக்குள் அவர் ஒருநாளும் முதலாவதாக நுழைந்ததில்லை. இருட்டில் விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரெல்லாம் தடவினார். சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தவறின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் சுவிட்ச் அகப்பட்டது. பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், இருந்த விளக்கையெல்லாம் போட்டுவைத்தார்.

எட்டரை மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆனால் அவள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே, வண்டியை அணைக்காமல், வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, வீடு மாறிடுச்சா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள். "கல்யாணமாகி இன்னைக்குத்தான் விளக்கு எரியற வீட்டுக்கு வரேன்."

அவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.